எடைக்கு எடை வெல்லம்

நான் எத்தனை கிலோ என்பதைப் பதின்மூன்று வயது வரைக்கும் என் அம்மா யாரையும் வாய்விட்டுச் சொல்ல விடவில்லை. பிள்ளையை நிறுத்துப் பார்த்துச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்பது அவள் கட்சி. டாக்டரிடம் போனால், நான் எடை மிஷின்மேல் ஏறியதுமே அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நர்ஸிடம், "மனசுக்குள்ளயே படிச்சு எழுதிக்கோம்மா" என்பாள். அந்த நர்ஸும் உதட்டை மட்டும் அசைத்து எழுதிக்கொள்ளும். அதனால் என் எடை எனக்கே தெரியாது. குண்டு என்பது மட்டும் தெரியும். அதை ஞாபகப்படுத்தத்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே இருந்ததே.

நான் குண்டானதற்குப் பின்னால் ஒரு தெய்வக் காரியம் இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். நான் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தேனாம். பிள்ளை தங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாராம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு சின்ன கிருஷ்ணர் கோவில். அம்மா ஜன்னல் வழியாகவே கையெடுத்துக் கும்பிட்டு, இவனைக் கொடுத்துவிடு, இவன் எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். துலாபாரம் என்பார்கள். தராசின் ஒரு தட்டில் பிள்ளை உட்கார வேண்டும், மறு தட்டில் வெல்லம் அடுக்க வேண்டும், இரண்டும் சமமானால் வேண்டுதல் முடிந்தது.

நான் பிழைத்து வீடு வந்தேன். உடனே போய்ச் செலுத்திவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அப்போது நான் இருந்த லட்சணத்துக்கு, மறு தட்டில் நாலு உருண்டை வெல்லம் வைத்தாலே தட்டு இறங்கிவிடும். உயிரையே கொடுத்த சாமிக்கு நாலு உருண்டையா என்று அம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. கொஞ்சம் தேறட்டும், கை நிறையக் கொடுக்கலாம் என்று தள்ளிப் போட்டாள்.

தேறினேன். இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்றாள். நடந்தேன், ஓடினேன், பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன், சட்டை பத்தாமல் போனது, பட்டன் தெறித்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சாமியின் பங்கு கூடிக்கொண்டே போவதில் ஒரு திருப்தி. நாலாவது தோசை வேண்டாமென்றால் முகம் வாடிவிடும். எனக்காக மட்டும் சாப்பிட்டால் போதாது, கிருஷ்ணருக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது. நானும் குறை வைக்கவில்லை.

அம்மா வீட்டுக்குள் செய்ததை வீட்டுக்கு வெளியே செய்தவள் என் அத்தை. அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு சைதாப்பேட்டையில் இருந்தாள். தி. நகரில் ஒரு சந்துக்குள் ரவிக்கைத் துணி விற்கும் கடையை அப்பாவும் அவளும் சேர்ந்து நடத்தினார்கள். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் அத்தை சின்ன வயதிலேயே இங்கே வந்து, சைதாப்பேட்டைத் தண்ணீரைக் குடித்து, சைதாப்பேட்டைப் பேச்சையே பேசினாள். 'மதினி, கொஞ்சம் நம்ம ஊர்ப் பேச்சு பேசுங்களேன்' என்று அம்மா கெஞ்சுவாள். அத்தை அதற்கும் மெட்ராஸ் பாஷையிலேயே பதில் சொல்வாள்.

அத்தை பெரிய உடம்புக்காரி. குண்டு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்த உடம்பை அவள் கூனிக் குறுகித் தூக்கிக்கொண்டு நடந்து நான் பார்த்ததே இல்லை. தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவில் அவள் முன்னால் நடந்தால் வழி தானாக உண்டாகும். பின்னால் நான் ஒரு இடி வாங்காமல் போவேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டு காசு ஆகும்மா" என்றார். அத்தை ஏறி வசதியாக உட்கார்ந்துகொண்டு, "தர்றேன் நைனா. அப்ப ரெண்டு பேர் பேசுற பேச்சையும் நீ கேட்டுக்கினுதான் வரணும்" என்றாள். சொன்னபடியே சைதாப்பேட்டை வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அவர் ஒரு சீட்டுக் காசுதான் வாங்கிக்கொண்டார். எனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் யார் என்று அப்போது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

டியூஷன் முடிந்து நான் கடைக்குப் போய்விடுவேன். சாயங்காலம் அத்தையும் நானும் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடப்போம். வழியில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி. அந்த மாஸ்டர் இரும்புச் சட்டியை ஒரு கையால் தூக்கி ஆட்டினால் சோறு மேலே எழும்பி, நெருப்புக்குள் புகுந்து, திரும்பச் சட்டியிலேயே விழும். கரண்டி சட்டியில் மோதும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும், கேட்டதும் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். பிளாஸ்டிக் தாள் போர்த்திய தட்டில் எக் ரைஸ், மேலே சிவப்பு சாஸ், பக்கத்தில் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ். புரட்டாசி மாதமானால் எங்கள் வீட்டு விரதத்துக்குக் கட்டுப்பட்டு கோபி மஞ்சூரியன். கடையில் நல்ல வியாபாரம் என்றால், கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடையில் வாளி மாதிரி டப்பாவில் பொரித்த கோழி. அத்தையும் நானும் பேசாமல், கவனமாக, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். கடைசித் துண்டு எப்போதும் எனக்குத்தான். "மருமவனே, உங்கம்மாகிட்ட மூச்சு வுடாத" என்று வாயைத் துடைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தோசை ஊற்றுவாள், அதையும் சாப்பிடுவேன்.

மாம்பலம் ஸ்டேஷனில் கலர் பல்பு சுற்றும் எடை மிஷின் ஒன்று நின்றது. காசு போட்டால் சின்ன அட்டை வரும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எனக்கு அந்த அட்டைமேல் ஆசை. நான் ஏறினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அதனால் அத்தையை ஏறச் சொல்லி நச்சரிப்பேன். கேட்டதெல்லாம் வாங்கித் தரும் அத்தை அதற்கு மட்டும் ஒரு நாளும் மசியவில்லை. அது பொய் சொல்லுற மிஷின்டா என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதே மாதிரி, வீட்டில் யாராவது போட்டோ எடுக்க செல்போனைத் தூக்கினால் அதைப் பிடுங்கித் தானே எடுப்பாள். அத்தை நன்றாகப் படம் எடுப்பாள் என்று நான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

வகுப்பில் என் பெயர் லாரி. வைத்தவன் எங்கள் கிளாஸ் லீடர். நான் பெஞ்சில் உட்காரப் போனால் எழுந்து நின்று, "வா வா வா... ரைட்ல ஒடி... வா வா, போதும்" என்று லாரிக்குப் பின்னால் நிற்கும் கிளீனர் மாதிரி தட்டிக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் நீளும்.

எட்டாம் வகுப்பில் என் கழுத்தைச் சுற்றிக் கருப்பாகப் படர்ந்தது. அம்மா அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள், கடலைமாவு போட்டுத் தேய்த்தாள், தோல்தான் எரிந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தேய்க்காதீங்கம்மா, இது அழுக்கு இல்லை, உடம்பு கனத்ததால் வருவது, இப்படியே விட்டால் இந்த வயதிலேயே சர்க்கரை வந்துவிடும் என்றார். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். அம்மா இட்லி, தோசை, சாதம் என்று சத்தியமாகச் சொன்னாள். வெளியில் எதுவும் சாப்பிடுவாயா என்று என்னைக் கேட்டார். எப்பவாவது என்றேன். என் சட்டைப் பையில் காய்ந்திருந்த சாஸ் கறையையே பார்த்துக்கொண்டு அவர் எழுதினார். பொரித்தது கூடாது, பாட்டில் குளிர்பானம் கூடாது, தினமும் நடக்க வேண்டும், எடை குறைந்தே ஆக வேண்டும்.

மற்ற யாராயிருந்தாலும் அன்று இரவே தோசையைக் குறைத்திருப்பார்கள். என் அம்மா வேறு மாதிரி யோசித்தாள். பிள்ளை இளைக்கப் போகிறான். இளைத்துவிட்டால் இத்தனை வருஷம் சாமிக்காகச் சேர்த்து வைத்த எடை என்னாவது? பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டு, கொடுக்கிற நேரத்தில் குறைத்துக் கொடுத்தால் சாமி என்ன நினைக்கும்? அதனால் பத்தியம் ஆரம்பிப்பதற்கு முன் துலாபாரத்தை முடித்துவிட வேண்டும் என்று, வருகிற புரட்டாசி சனிக்கிழமைக்கே அந்தக் கிருஷ்ணர் கோவிலில் சொல்லிவிட்டாள். அதுவரைக்கும் தோசையில் ஒரு குறையும் இல்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கோவில் தெருவில்தான் கிளாஸ் லீடர் வீடு. புரட்டாசி சனிக்கிழமை புளியோதரைக்கு அவன் கட்டாயம் வருவான். ஊர் பார்க்க நான் தராசில் உட்கார்ந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைய முடியாது. அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அத்தையிடம் போய் அழுதேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அத்த கூடவே இருக்கேன்ல? நீ பாட்டுக்கு உக்காரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெல்லத்தை அம்மாவே சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கினாள். எவ்வளவு வேண்டும் என்று தெரிய என்னை நிறுக்கலாமே என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "என் பிள்ளை எனக்குத் தெரியாதா? அவன் என்ன குண்டா, பூசினாப்புல இருக்கான்" என்று கண் மதிப்பிலேயே ஒரு மூட்டை வாங்கிவிட்டாள். அத்தை அந்த மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அன்று காலையில் கோவிலில் நல்ல கூட்டம். மண்டபத்தில் பெரிய தராசு, தடித்த சங்கிலியில் இரண்டு பலகைத் தட்டுகள். பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கோவில்காரர் ஒருவர் வெல்லத்தை அடுக்கினார். அடுக்கிக்கொண்டே போனார். மூட்டை காலியாயிற்று. என் தட்டு தரையை விட்டு நகரவே இல்லை. கோவில்காரர் சங்கிலியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார், தராசு சரியாகத்தான் இருந்தது. "இன்னும் நிறைய வேணும்மா" என்றார். அம்மா கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை வைத்தாள். அர்ச்சனைத் தேங்காயை வைத்தாள். நான் ஆணி அடித்த மாதிரி தரையிலேயே இருந்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எழுந்திருக்கப் போனேன். உட்கார்ந்தவர் பாதியில் எழுந்திருக்கக் கூடாது, வேண்டுதல் பலிக்காது என்று நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் என்னை அமர்த்தினார்கள். அப்பா வெல்லம் வாங்க வெளியே ஓடினார். அப்பா திரும்பி வரும்வரை நான் அந்தத் தட்டில் இருந்தாக வேண்டும். சாமியைப் பார்க்க வந்த கூட்டமெல்லாம் என்னைப் பார்த்தது. தூணுக்குப் பக்கத்தில் கையில் தொன்னையோடு கிளாஸ் லீடர் நின்றிருந்தான். வாய் முழுக்கப் புளியோதரை, முகம் முழுக்கச் சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் அழுகை நிற்கவில்லை, கன்னத்தில் வழிந்தது.

அப்போதுதான் அத்தையின் குரல் கேட்டது. கடையில் பேரம் பேசும் குரல். "இன்னா எல்லாரும் புள்ளையவே பாத்துக்கினு கீறீங்க? இது ட்ரெய்லர்தான். அடுத்து நான் ஏறப் போறேன், அப்பப் பாருங்க மெயின் பிக்சர!"

கூட்டம் அப்படியே அவள் பக்கம் திரும்பியது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கோவில்காரரிடம், எனக்கும் ஒரு வேண்டுதல் ரொம்ப நாளாகப் பாக்கி இருக்கிறது, இன்றைக்கே முடித்துவிடலாம் என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சங்கிலியை அண்ணாந்து பார்த்தார். "தாங்கும், பயப்படாதீங்க சாமி. நம்ம வூட்டு கட்டிலே தாங்குது" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாக அத்தை சிரித்தாள். செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு மூட்ட பத்தாது. எனக்கும் சேத்து எடு, வண்டி வச்சே எடுத்துக்கினு வா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதற்கும் ஒரு சிரிப்பு. இப்போது என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று கோவில் வாசலில் வந்து நின்றது. பேரில்தான் மீன், அன்றைக்கு அதில் வந்தது மூட்டை மூட்டையாக வெல்லம். அத்தை தூணுக்குப் பக்கத்தில் நின்றவனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். தம்பி, சும்மா நின்னுக்கினு கீறியே, கை கழுவிட்டு வந்து எடுத்து வை, புண்ணியம் உனக்கும் என்றாள். எங்கள் கிளாஸ் லீடர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு வெல்லம் அடுக்கினான். அவன் வைத்த ஏதோ ஒரு உருண்டையில் என் தட்டு அசைந்து மேலே எழும்பியது. அம்மா "கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து நான் அன்றைக்குத்தான் வெளியே வந்த மாதிரி என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

நான் இறங்க, அத்தை ஏறினாள். சங்கிலி கிறீச்சிட்டது. நாலைந்து பேர் செல்போனைத் தூக்கினார்கள். பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். "முகம் நல்லா தெரியுற மாதிரி எடுப்பா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஆள் ஆளுக்குக் கை கொடுத்தார்கள். கடைசியில் அவள் தட்டு எழும்பியபோது யாரோ "கோவிந்தா" என்று குரல் கொடுக்க, மண்டபமே திருப்பிச் சொன்னது. ஏதோ ஒரு மகாராணிக்குப் பட்டம் கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தது போல எனக்கு நெஞ்சு விம்மியது. இந்த உலகத்தில் எதற்குமே வெட்கப்படத் தெரியாத ஒரே ஆள் என் அத்தை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிளாஸ் லீடர் வகுப்பில் அந்தக் கதையைத்தான் சொன்னான். ஆனால் அதில் நான் இல்லை, முழுக்க முழுக்க அத்தைதான் இருந்தாள். ட்ரெய்லர், மெயின் பிக்சர் எல்லாம் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். "செம அத்தைடா உனக்கு" என்றான். அதற்கப்புறம் எனக்கு யாரும் ரிவர்ஸ் சொல்லவில்லை.

அந்த வாரத்திலிருந்து அத்தை மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போவதை விட்டாள். ரயிலில் கூட்டமாக இருக்கிறது, நடந்தே போகலாம் என்று தி. நகரிலிருந்து சைதாப்பேட்டை வரை வேறு வழியாக நடத்திக் கூட்டிப்போனாள். அந்த வழியில் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி கிடையாது. பாதி தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கும், ஏதாவது ஒரு கடை வாசலில் நின்று செருப்பைச் சரி செய்வாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். என் கழுத்துக் கருப்பு மெல்ல மெல்ல வெளுத்ததை அம்மா கிருஷ்ணர் கணக்கில் எழுதினாள்.

வேலைக்குப் போய், வேளச்சேரியில் தனியாக வீடு எடுத்த பிறகு ஒரு நாள் அம்மாவிடம் சும்மா கேட்டேன், அத்தைக்கு அன்றைக்கு என்ன வேண்டுதல் என்று.  அவளுக்கு ஒரு வேண்டுதலும் இல்லை என்றாள் அம்மா. அத்தையை ஒரே ஒரு தடவைதான் பெண் பார்க்க வந்தார்களாம். வந்தவர்களில் ஒருத்தர், நின்றுகொண்டே இருக்கட்டும், நாற்காலி உடைந்துவிடப் போகிறது என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அத்தை காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சு எடுக்க விடவில்லை. எடை மிஷினில் ஏறவில்லை. போட்டோவுக்கு நிற்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நிற்காதவள், அன்றைக்கு அவ்வளவு பேர் நடுவில் ஏறி உட்கார்ந்தாளே என்றாள் அம்மா.

 துலாபாரம் முடிந்து நாங்கள் வெளியே வந்தது எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. வாசலில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கிலியை இறுக்கிப் பிடித்திருந்ததில் அவள் உள்ளங்கையில் வளையம் வளையமாகத் தடம் பதிந்திருந்தது. கை சில்லென்று ஈரமாக இருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் விடவே இல்லை. வெல்லப் பிசுபிசுப்பு என்று நினைத்து, அவள் பிடி தளர்ந்ததும் என் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.